ஓடாத மெஷினுக்கு நூற்றுக்கு நூறு

ஆபரேட்டரைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. அதற்குள் கம்பெனியில் விழா வைத்துவிட்டார்கள்.

மின் உற்பத்திக் கம்பெனியின் ஆண்டறிக்கை வெளியீட்டு விழா. மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அந்த வருடம் உற்பத்தியான மின்சாரமெல்லாம் மாதவாரியாக நீலக் கம்பங்களாய் அதில் நின்றது. கடைசியில் ஒரு பச்சைக் கம்பம், மற்ற எல்லாவற்றையும் விட உயரமாக. அதைக் காட்டும்போது மட்டும் ஜெனரல் மேனேஜரின் குரல் குழைந்தது. ரிசர்வ் சேவையில் இந்த வருடமும் நூற்றுக்கு நூறு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள்.

கடைசி வரிசையில் இரண்டு பேர் தட்டவில்லை. ஒருவர் இன்ஸ்பெக்டரம்மா. போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. இன்னொருவன் அவருடைய உதவியாளன் ரேடியோ. நாற்பதைத் தாண்டியவன், நல்ல தொப்பை, ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் குறித்தவன். வாய் ஓயாததால் வந்த பெயர் அது. அவன் தட்டாததற்குக் கொள்கை காரணமில்லை. இரண்டு கையிலும் பிஸ்கட் இருந்தது.

ரிசர்வ் என்றால் என்ன என்று அவன் கேட்டான். இன்ஸ்பெக்டரம்மா குரலைத் தாழ்த்தி விளக்கினார். ஊருக்கு மின்சாரம் தருகிற யூனிட்டுகளில் ஒன்று திடீரென்று நின்றுபோனால் பாதி ஊர் இருண்டுவிடும். அதற்காகவே ஒரு யூனிட்டை ஓட்டாமல் தயாராக வைத்திருப்பார்கள். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன் வந்தால் அது உடனே ஓடியாக வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும், தயாராக நிற்பதற்கே வருடம் முழுவதும் கம்பெனிக்குப் பணம் வரும்.

"சும்மா நிக்கறதுக்குச் சம்பளமா? இத்தனை வருஷமா நான் தப்பான டிபார்ட்மென்ட்ல இருந்திருக்கேன் மேடம்."

"நிக்கறது பெரிசில்ல. கூப்பிட்டா ஓடுமாங்கறதுதான் கேள்வி."

அந்த ரிசர்வ் மெஷின் இருந்த அறைக்குள்தான் ஆபரேட்டர் செத்துக் கிடந்தார்.

கம்பெனி சொன்ன கதை எளிமையானது. மெஷினைச் சுற்றி இரும்புச் சுவர் எழுப்பிய சின்ன அறை அது. உள்ளே தீப்பிடித்தால் வெளியே வரிசையாக நிற்கும் சிலிண்டர்களிலிருந்து வாயு பாய்ந்து தீயை அணைத்துவிடும். மூச்சுவிடுகிற எதையும் சேர்த்தே அணைத்துவிடும். அதனால் உள்ளே போகிறவன் முதலில் அந்த வாயுவின் கைப்பிடியை மூடி, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பூட்டைக் கழற்றாமல் யாராலும் வாயுவைத் திறக்க முடியாது. அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆபரேட்டர் பூட்டு மாட்டாமல் உள்ளே போனார். காலையில் சோதனைக்காக ஓட்டிய மெஷினில் இன்னும் தங்கியிருந்த சூட்டைத் தீ என்று எண்ணிக் கருவி தானாகவே வாயுவைத் திறந்துவிட்டது. தப்பு முழுக்க அவருடையது.

ஆகவே அவர் மனைவிக்கு நஷ்டஈடு கிடையாது. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இத்தோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தீர்ந்துபோன சிலிண்டர்களை நிரப்புகிற செலவை அவருடைய பாக்கிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. தன்னைக் கொன்ற வாயுவுக்கு அந்த மனுஷன் தானே காசு கட்ட வேண்டுமாம். இதை எழுதியவன் எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பான்.

முந்தாநாள் அந்த மனைவி பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சொன்ன ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் இன்ஸ்பெக்டரம்மா இந்த வேலையை ஒப்புக்கொண்டார். கேஸ் அடுப்பை மூடிவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிற மனுஷன் அவர். பூட்டு இல்லாமல் உள்ளே போயிருக்கவே மாட்டார் என்றாள். வீடு போனால் போகட்டும், அஜாக்கிரதையால் செத்தவனின் மகள் என்று தன் பெண்ணை ஒருத்தரும் சொல்லக் கூடாது என்றாள்.

மெஷின் அறையைக் காட்ட வந்தவர் ஷிப்ட் இன்சார்ஜ். செத்தவருக்கு மச்சான், அதாவது அந்த மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். மாப்பிள்ளைக்கு இந்தக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தங்கையின் பிடிவாதம் தாங்காமல் இன்ஸ்பெக்டரம்மாவை அவள் வீட்டுக்கு அழைத்துப் போனதும் அவர்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சுவரில் ஆணி ஆணியாகப் பூட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு போட்டோ. மாப்பிள்ளையின் போட்டோவுக்குக் கீழே அவருடைய பூட்டு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமலே போய்விட்டார் என்று சொல்லும்போது இன்சார்ஜுக்குக் குரல் உடைந்தது.

அன்று காலை மெஷின் ஓடியதா என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். ஓடியதாகவும், தானே ஓட்டியதாகவும், கட்டுப்பாட்டு மையத்துக்குத் தானே போனில் சொன்னதாகவும் இன்சார்ஜ் பதில் சொன்னார். உள்ளே வாயு கொஞ்சமும் மிச்சமில்லை, பயப்படாமல் போகலாம் என்றார்.

முதலில் ரேடியோவை அனுப்பினார்கள். ஆபத்தான இடங்களுக்கு அவனைத்தான் முதலில் அனுப்புவது வழக்கம். குனிந்து மெஷினுக்கு அடியில் தலையை விட்டான், தும்மினான். மறுபடியும் தும்மினான். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்து விழுந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் எண்ணெய் துடைக்கிற பஞ்சை யாரோ வட்டமாக அழுத்திப் படுக்கை போட்ட மாதிரி இருந்தது. பஞ்சு முழுக்க மெல்லிய மயிர். பக்கத்தில் ஒரு டப்பா மூடி, அதில் காய்ந்து வெடித்த பால்.

"பூனை," என்றான் ரேடியோ. "மீட்டர் குறிக்கப் போற வீட்ல நாயைப் பாத்தா ஓடுவேன், பூனை இருந்தா தும்முவேன். என் மூக்கு பொய் சொல்லாது மேடம். வாய்தான் அப்பப்போ சொல்லும்."

எலி பிடிக்க எங்கிருந்தாவது வந்து போயிருக்கும் என்றார் இன்சார்ஜ். இன்ஸ்பெக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

கேட்டில் வாட்ச்மேன் இருந்தார். ரேடியோ மிச்சமிருந்த பிஸ்கட்டை நீட்டிப் பேச்சுக் கொடுத்தான். அது வந்து போன பூனை இல்லையாம். மெஷினுக்கு அடியில் நாலு குட்டி போட்டிருந்ததாம். ஆபரேட்டர்தான் தினமும் வீட்டிலிருந்து பால் கொண்டுவந்து வைப்பாராம். குட்டிகளுக்கு அப்போதுதான் கண் திறந்திருந்ததாம். தாய்ப் பூனை மட்டும் விபத்துக்கு அப்புறம் அறையைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டு திரிந்தது, கத்திக் கத்தித் தொண்டை போய், பிறகு காணாமலே போய்விட்டது என்றார்.

இன்ஸ்பெக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. வாயு திறந்த அன்று அறையிலிருந்து எத்தனை உயிரற்ற உடலை வெளியே எடுத்தார்கள்?

வாட்ச்மேனுக்குக் கேள்வி விசித்திரமாக இருந்தது. "ஒண்ணுதாம்மா. பாவம், அவரை மட்டும்தான். நானும்தானே கூடத் தூக்கினேன்."

திரும்பி நடக்கும்போது இன்ஸ்பெக்டரம்மா ரேடியோவைப் பார்த்தார். "பெரிய மனுஷன் ஒருத்தர் தப்பிக்க முடியாத ரூம்லேர்ந்து, நடக்கக்கூடத் தெரியாத நாலு குட்டி எப்படித் தப்பிச்சுது?"

"லீவ் லெட்டர் குடுத்துட்டுப் போயிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் குளிர் நடுக்கியது. மேஜையில் ஆண்டறிக்கை, பளபளவென்று. இன்ஸ்பெக்டரம்மா உட்கார்ந்ததுமே, அந்த ரிசர்வ் மெஷின் எத்தனை நாளாக ஓடவில்லை என்று கேட்டார். பூனை குட்டி போட்டு வளர்க்கிற அளவுக்கு அது நிம்மதியாகத் தூங்குகிறதே என்றார்.

ஜி.எம். மறுக்கவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த நல்ல குணம். வருடத்தின் ஆரம்பத்திலேயே மெஷின் கெட்டுவிட்டது, பாகம் வாங்க மேலிடம் பணம் தரவில்லை. மையத்திலிருந்து சோதனைக்கு அழைப்பு வரும்போதெல்லாம் பக்கத்து யூனிட்டைக் கொஞ்சம் கூட்டி ஓட்டி, ரிசர்வ் ஓடுகிறது என்று போனில் சொல்லிவிடுவார்கள். வெளியே போகிற மின்சாரத்தில் எது எந்த மெஷினுடையது என்று முகம் பார்த்துச் சொல்ல முடியுமா? ஆபரேட்டர் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. செத்த அன்று காலையில், மறுநாள் வரவிருந்த சோதனைக் குழுவிடம் உண்மையைச் சொல்லப் போவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். ஏற்கெனவே ஒரு மாலை ரிசர்வ் ஓடாமல் ஊர் இருண்டதில் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதாம், அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"யாருக்கோ ஏதோன்னா?"

"ரெண்டு பேர் செத்துட்டாங்க," என்றார் ஜி.எம்., மழை பெய்ததைச் சொல்வதுபோல. "பாருங்கம்மா, இந்த விஷயம் வெளிய வந்தா ரிசர்வ் ஒப்பந்தம் போயிடும். அத்தனை குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும். ஒரு விதவைக்காக அதெல்லாம் தேவையா? தப்பு அவரோடதுதான்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டா, சிலிண்டர் காசை வேணா தள்ளுபடி பண்ணிடறேன்."

இவ்வளவு தாராள மனசு எல்லோருக்கும் வராது. வராண்டாவுக்கு வந்ததும் ரேடியோ பல்லைக் கடித்தான்.

"இந்த ஆளுதான் மேடம். வேற யாரையும் தேட வேணாம்."

"இல்ல. இவரு குட்டிங்களை வெளிய எடுத்து வெச்சிருக்க மாட்டாரு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "சிலிண்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் நாலு குட்டியையும் தூக்கிப் பத்திரப்படுத்தியிருக்காரு. கொல்லணும்னு வந்தவருக்கு அதுங்களைக் கொல்ல மனசு வரல. அப்படிப்பட்ட ஆளைத்தான் நாம தேடறோம்."

கொலைகாரர்களை ரேடியோ நிறையப் பார்த்திருக்கிறான். இரக்கமுள்ள கொலைகாரனை இன்றுதான் கேள்விப்படுகிறான்.

"குட்டிங்க எங்க போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது மேடம்?"

"உன் மூக்கைக் கேளு. இன்னிக்குத் தும்மறதுக்கு முன்னாடி, கடைசியா எப்போ இப்படித் தும்மின?"

அவன் யோசித்தான். ஞாபகம் வந்ததும் வாய் பேசாமல் நின்றது. ரேடியோ ஓய்ந்துபோவது லேசில் நடக்கிற காரியமில்லை. முந்தாநாள்தான். பெட்டி கட்டுகிற தூசு என்று சொல்லி அந்த மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தூசு என்றே அவனும் நம்பினான்.

குவார்ட்டர்ஸ் வாசலை மிதித்ததுமே அவன் தும்ம ஆரம்பித்துவிட்டான். மனைவி கதவைத் திறந்தாள். அழுகை வற்றிய முகம். பாதி காலியான கூடத்தில் பெட்டிகள் கயிறு கட்டிக் கிடந்தன. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. வீட்டில் பூனை இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார். பின்கட்டில் குட்டிகள் இருக்கின்றன, மகள் அவற்றோடுதான் பொழுதைப் போக்குகிறாள் என்றாள் அவள். அதுவும் இல்லாவிட்டால் குழந்தை அப்பா அப்பா என்று பிய்த்து எடுத்துவிடுவாள்.

சின்னப் பெண் அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நாலு குட்டிகள், கொழுகொழுவென்று. ரேடியோ துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

யார் கொடுத்தது என்று இன்ஸ்பெக்டரம்மா குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"மாமா. நான் மத்தியானம் ஸ்கூல்லேர்ந்து சாப்பிட வந்தேன்ல, அப்போ குடுத்தாரு. அப்பா சாயங்காலம் வருவாரு, அப்போ காட்டுன்னு சொன்னாரு. நான் காத்துக்கிட்டே இருந்தேன். அப்பா வரவே இல்ல."

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில்தான் ஆபரேட்டர் செத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிப்ட் முடிந்து இன்சார்ஜ் வந்தார், கையில் பால் பாக்கெட்டோடு. கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மனைவி குழந்தையை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். எதற்காகச் சாத்தினோம் என்று அவளுக்கே அப்போது தெரிந்திருக்காது.

"அன்னிக்கு மத்தியானம்தான் குட்டிங்களை எடுத்தீங்களா?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

மெஷினைச் சோதனைக்கு ஓட்ட வேண்டியிருந்ததால் எடுத்தேன், இல்லாவிட்டால் அடியில் கருகிப் போயிருக்கும் என்றார் இன்சார்ஜ். பதில் தயாராக இருந்தது. மெஷினை விட அவர் நன்றாகத் தயாராக இருந்தார்.

"மெஷின் காலையிலேயே ஓடிச்சுன்னு சொன்னீங்களே. அப்போ குட்டிங்க அடியிலதானே இருந்திருக்கணும்? ஒண்ணுகூடக் கருகலையே."

இன்சார்ஜ் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். காலையில் ஓடியது என்றால் குட்டிகள் பிழைத்திருக்க முடியாது. ஓடவில்லை என்றால் சூடு இல்லை. சூடு இல்லையென்றால் வாயு தானாகத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் இடிக்கிறது என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் பூட்டு மாட்டாமல் ஏன் உள்ளே போனார்?

பதில் சொன்னது மனைவி. அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணனோட பூட்டு மாட்டியிருந்தா மட்டும் அவரு தன்னோடதை எடுக்க மாட்டாரு. ரூல் இல்லதான். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாக்கறப்போ அப்படித்தான் போவாங்க. நான் திட்டுவேன். 'உங்கண்ணன் கையில சாவி இருக்குடி, அதுக்கு மேல எனக்கு என்ன பூட்டு'ன்னு சிரிப்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு கட்டிய பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

இன்சார்ஜின் கையிலிருந்து பால் பாக்கெட் நழுவியது. இத்தனை நேரம் கொடுத்த மரியாதை போதும். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். வருடம் முழுக்க மையத்துக்குப் பொய் சொன்ன குரல் தன்னுடையது, மாப்பிள்ளை வாயைத் திறந்தால் ஜெயிலுக்குப் போவது ஜி.எம். இல்லை, தான்தான் என்றான். கெஞ்சிப் பார்த்தானாம், காலில்கூட விழுந்தானாம். ஆஸ்பத்திரியில் செத்த இரண்டு பேருக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய் மச்சான் என்று மாப்பிள்ளை கேட்டாராம். அப்புறம்தான் பூட்டை மாட்டினான், மாப்பிள்ளையை உள்ளே அனுப்பினான், கதவுக்கு வெளியே தாழ் போட்டான், பூட்டைக் கழற்றினான், கைப்பிடியைத் திருப்பினான்.

"அப்போ குட்டிங்களை எதுக்குய்யா எடுத்த?" ரேடியோவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படியொரு கேள்வி கேட்டதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

ரேடியோவுக்கு அவன் முகத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அவர் பேசி முடிக்கும்வரை தங்கை அசையவில்லை. பிறகு தலையைத் தூக்கினாள்.

"அவரு கதவைத் தட்டினாரா?"

அவன் கீழே கிடந்த பால் பாக்கெட்டைக் குனிந்து எடுத்தான். அவள் மறுபடியும் கேட்டாள், அதே குரலில்.

"தட்டினாரு," என்றான். "என்னைக் கூப்பிட்டாரு. 'மச்சான், பூட்டு எப்படியோ கழண்டுடுச்சு, கதவும் சிக்கிக்கிச்சு. வாயு வெளிய கசியும். நீ அங்க நிக்காத, ஓடிப் போயிடு'ன்னு கத்தினாரு."

செத்துக்கொண்டிருந்த மனுஷன் கடைசி மூச்சுவரை தன் மச்சானைச் சந்தேகப்படவில்லை. ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். தும்மல் எப்போதோ நின்றுபோயிருந்தது; கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

அவள் கத்துவாள், பாய்ந்து அண்ணனை அடிப்பாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவள் எழுந்துகூட நிற்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"தங்கச்சி..."

"அவரு சொன்னதைச் சொல்லு. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் சொன்னான். நடுவில் குரல் உடைந்தது. அவள் விடவில்லை. முழுசாகச் சொல், முதலிலிருந்து சொல் என்றாள். அவன் முழங்காலில் விழுந்தான், காதைப் பொத்திக்கொண்டான், போதும் என்று கெஞ்சினான். ரேடியோ இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தான்; அவர் குறுக்கே போகவில்லை. போலீஸ் வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை அந்தத் தங்கை அவனை நிறுத்தவிடவில்லை.